முதல் வருஷம் முடிந்தது – மூடலாமா, தொடரலாமா?

தொழில் பாடம்



குழுவாகச் சேர்ந்து தொழில் ஆரம்பிப்பது எப்படி, கடனுக்கு மனு எழுதுவது எப்படி என்று பயிற்சியில் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆரம்பித்து ஒரு வருஷம் ஓடிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் அதிகம் சொல்வதில்லை. ஆனால் தொழில் நிற்பதா நடப்பதா என்று முடிவாகிற நேரம் அதுதான். உண்மையிலேயே நட்டம் வந்து நின்று போகிற தொழில் உண்டு. கணக்கைச் சரியாகப் பார்க்காமல், "இது நமக்கு ஒத்து வராது" என்று நாமே முடிவு கட்டி நிறுத்திவிடுகிற தொழிலும் உண்டு. இன்னொன்றும் உண்டு. லாபம் வருகிறது என்று நினைத்துக்கொண்டு, நம் உழைப்பை நாமே தின்றுகொண்டு வருஷக்கணக்கில் ஓட்டுவது.

முதல் வருஷம் முடிந்ததும் எல்லோரும் பாய் விரித்து உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, நடந்ததைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தப் பாடம்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம்

ஏற்காடு மலையில் இருக்கிற செம்மநத்தத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரு குழுவில் ஐந்து பேர் சேர்ந்து, துணிப்பையும் பர்சும் தைத்து, அதில் கையால் எம்பிராய்டரி போட்டு விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. அதனால் துணிப்பைக்குத் தேவை இருக்கிறது. ஏற்காட்டுக்குச் சுற்றுலா வருகிறவர்களும் வாங்குவார்கள். நல்ல யோசனைதான்.

ஜூன் மாதம் ஆரம்பிக்கிறார்கள். வங்கிக் கடன் 40,000 ரூபாய். அதில் 30,000 ரூபாய்க்கு இரண்டு தையல் மிஷின். மீதி 10,000 ரூபாய்க்குத் துணி, நூல். அடுத்த மே மாதம் கோடை விழா முடிந்ததும் ஒரு வருஷம் ஆகிவிட்டது. நோட்டில் இருப்பது இது:

விற்பனை
கோடை விழாவில்: 38,000
மற்ற லீவு நாட்களில்: 34,000
ஒரு கடைக்கு மொத்தமாகக் கொடுத்தது: 24,000
ஆக மொத்தம்: 96,000 (இதில் கடைக்காரர் தர வேண்டிய பாக்கி 9,000. கைக்கு வந்தது 87,000.)

செலவு
துணி, நூல், ஜிப், பட்டன்: 41,000
கரண்ட், மிஷின் ரிப்பேர், எண்ணெய்: 4,500
பஸ், ஆட்டோ, சுமைக்கூலி: 6,500
விழாவில் கடை போட்டது: 5,000
கடனுக்கு வட்டி: 4,000
ஆக மொத்தம்: 61,000

இது தவிர, கடன் அசலில் 24,000 ரூபாய் கட்டியிருக்கிறார்கள். கையிருப்பு 12,000 ரூபாய். வங்கிக்கு இன்னும் 16,000 பாக்கி.

கூட்டத்தில் பேச்சு எப்படி வரும் என்று நமக்குத் தெரியும். "வருஷம் பூரா கண்ணு நோவத் தச்சோம். கையில பன்னெண்டாயிரம், பேங்க்குல பதினாறாயிரம் கடன். அப்ப நாலாயிரம் நட்டம்தானே அக்கா? மிஷினை வித்துட்டுக் கடனை அடைச்சிடலாம்." வீட்டிலும் அதையே சொல்வார்கள். "தோட்டத்துக் கூலிக்குப் போயிருந்தா கைல காசாவது நின்னிருக்கும்."

அவசரப்பட வேண்டாம். இந்த முடிவு சரியா என்று பார்ப்பதற்கு முன்னால், நம்மைப் போலவே முதல் வருஷம் திண்டாடிய ஏழு பெண்களைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

80 ரூபாயும் நாலு பாக்கெட்டும்

'லிஜ்ஜத்' அப்பளம் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1959 மார்ச் 15ஆம் தேதி, மும்பை கிர்காம் பகுதியில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு பெண்கள் உட்கார்ந்து அப்பளம் போட ஆரம்பித்தார்கள். முதலீடு 80 ரூபாய். அதுவும் கடன். கொடுத்தவர் சகன்லால் கரம்சி பாரேக் என்ற சமூக சேவகர். முதல் நாள் போட்டது நாலு பாக்கெட். தெரிந்த வியாபாரி ஒருவரிடம் விற்றார்கள்.

நட்டம் வந்தாலும் நன்கொடை கேட்டு யாரிடமும் போவதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு எடுத்துக்கொண்டார்கள். முதலில் இரண்டு தரத்தில் அப்பளம் போட்டார்கள். ஒன்று நல்லது, ஒன்று கொஞ்சம் மட்டம், விலை குறைவு. பாரேக் அதை வேண்டாம் என்றார். ஒரே தரம், அதுவும் நல்ல தரம், கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும், இதைத் தொழிலாக நடத்த வேண்டும் என்று சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டார்கள்.

பிறகு மழைக்காலம் வந்தது. வெயில் இல்லாமல் அப்பளம் எப்படிக் காயும்? நாலு மாதம் வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. முதல் வருஷத்தின் மொத்த விற்பனை 6,196 ரூபாய். பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 516 ரூபாய். அதுவும் மூன்று மாதத்துக்குள்ளேயே ஏழு பேர் என்பது இருபத்தைந்து பேர் அளவுக்கு ஆகியிருந்தது.

கையில் வந்த காசை மட்டும் பார்த்திருந்தால் அவர்களும் மூடியிருக்கலாம். அவர்கள் வேறு ஒன்றைப் பார்த்தார்கள். அப்பளம் விற்கவில்லை என்பதால் வேலை நிற்கவில்லை, காயவில்லை என்பதால் நின்றது. விற்காததற்கு ஒரு மருந்து, காயாததற்கு வேறு மருந்து. அடுத்த வருஷம் ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும் வாங்கினார்கள். கட்டில் மேலே அப்பளம், கீழே அடுப்பு. மழையிலும் வேலை நடந்தது. இன்று நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அந்த அமைப்பில் இருக்கிறார்கள். அந்த ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட் அம்மாவுக்கு 2021ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

நாம் எல்லோரும் அவ்வளவு பெரிதாக வளர்வோம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. முதல் வருஷத்தை எப்படிப் பார்த்தார்கள் என்பதுதான் நமக்குப் பாடம். "எவ்வளவு வந்துச்சு?" என்ற கேள்வியோடு நிறுத்தாமல், "எது நம்மை நிறுத்திச்சு?" என்றும் கேட்டார்கள். இப்போது நம் துணிப்பைக் கணக்குக்குத் திரும்புவோம்.

கையிருப்பு வேறு, கணக்கு வேறு

கையில் இருக்கிற காசு மட்டும் தொழிலின் கணக்கு ஆகாது. வருஷக் கடைசியில் நம்மிடம் என்னென்ன இருக்கிறது என்று எழுதிப் பார்ப்போம்:

கையிருப்பு: 12,000
கடைக்காரர் தர வேண்டியது: 9,000
மீதித் துணி, நூல்: 5,000
விற்காத பைகள் (துணி விலை மட்டும்): 3,000
மிஷின்: 24,000
மொத்தம்: 53,000

மிஷின் வாங்கியது 30,000 ரூபாய்க்கு. ஐந்து வருஷம் ஓடும் என்று வைத்தால், வருஷத்துக்கு 6,000 ரூபாய் தேய்மானம். அதனால்தான் 24,000 என்று போட்டிருக்கிறோம். இந்த 53,000ல் வங்கிப் பாக்கி 16,000ஐக் கழித்தால் மீதி 37,000 ரூபாய்.

அதாவது நாலாயிரம் நட்டம் என்று நினைத்தது தவறு. 37,000 ரூபாய் சம்பாதித்திருக்கிறார்கள். அது மிஷினாகவும், சரக்காகவும், வர வேண்டிய பாக்கியாகவும் இருக்கிறது. அந்த 9,000 பாக்கி வராவிட்டால் 28,000தான். அதனால் கடைக்காரரிடம் பாக்கியை வசூலிப்பதும் தொழிலில் ஒரு வேலை என்று எழுதி வையுங்கள். அடுத்த ஆர்டரில் பாதிப் பணம் முன்பணமாக வாங்கிய பிறகே துணி வெட்ட வேண்டும்.

"அப்பாடா, லாபம்!" என்று எழுந்துவிட வேண்டாம். இன்னும் ஒரு செலவை நாம் எழுதவே இல்லை.

நம்ம கைக்கூலி எங்கே?

ஐந்து பேரும் ஒரு நாளைக்குச் சராசரி 3 மணி நேரம், மாதத்தில் 20 நாள், 9 மாதம் வேலை செய்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் யாரும் தைக்க உட்காரவில்லை. ஆக 5 x 3 x 20 x 9 = 2,700 மணி நேரம்.

37,000 ரூபாயை 2,700ஆல் வகுத்தால், ஒரு மணி நேரத்துக்கு 13 ரூபாய் 70 காசு. எட்டு மணி நேரம் வேலை செய்தால் 110 ரூபாய். உங்கள் ஊரில் தோட்ட வேலைக்கு என்ன கூலி என்று உங்களுக்கே தெரியும். பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். "வீட்டுல சும்மா இருக்கிற நேரத்துல செய்யறதுதானே, அதுக்குப் போய் கூலி போடணுமா?" என்று ஒரு அக்கா கேட்பார். போடத்தான் வேண்டும். எந்த வீட்டில் பெண் சும்மா இருக்கிறாள்? தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, தூங்குகிற நேரத்தில் கொஞ்சத்தைக் கிள்ளி எடுத்துத்தான் தைக்கிறோம். அந்த நேரத்துக்கு நாமே விலை வைக்காவிட்டால், வாங்க வருகிறவர் வைப்பாரா?

ஆக, தொழில் நட்டத்தில் இல்லை, ஆனால் கூலி கட்டவில்லை. இவை வேறு வேறு நோய். கூலி கட்டாத தொழிலைச் சரி செய்ய முடியும். எந்தப் பொருள் கூலியைத் தின்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பொருள் வாரியாகப் பார்ப்போம்

மூன்று பொருள் செய்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் விலை, துணி நூல் செலவு, ஆகிற நேரம் என்று மூன்றையும் எழுத வேண்டும்.

1. பெரிய எம்பிராய்டரி பை. விலை 350. துணி, நூல் 110. மீதி 240. ஆகிற நேரம் 12 மணி. மணிக்கு 20 ரூபாய்.

2. எம்பிராய்டரி பர்ஸ். விலை 150. துணி, நூல், ஜிப் 40. மீதி 110. ஆகிற நேரம் இரண்டரை மணி. மணிக்கு 44 ரூபாய்.

3. பூ வேலை இல்லாத சாதாப் பை. விலை 60. துணி, நூல் 30. மீதி 30. ஆகிற நேரம் அரை மணி. மணிக்கு 60 ரூபாய்.

இதில் கரண்ட், பஸ், கடை வாடகை, வட்டி, தேய்மானம் எல்லாம் சேர்ந்த பொதுச் செலவு 26,000 ரூபாய். 2,700 மணிக்குப் பிரித்தால் மணிக்கு ஏறக்குறைய 10 ரூபாய். அதையும் கழித்தால் பெரிய பையில் நிற்பது மணிக்கு 10 ரூபாய்தான்.

பார்த்தீர்களா? வருகிறவர்கள் எல்லாம் கையில் எடுத்து, "எவ்வளவு அழகா இருக்கு!" என்று பாராட்டிய பைதான் நம் உழைப்பை அதிகம் தின்றிருக்கிறது. நாமும் பாராட்டில் மயங்கி, வருஷத்தின் பெரும்பாலான நேரத்தை அதிலேயே செலவழித்திருக்கிறோம். கைவேலைத் தொழிலில் இந்தச் சிக்கல் அதிகம். ரசித்துச் செய்கிறபோது நேரம் போவது தெரியாது.

அப்படியானால் எம்பிராய்டரியை விட்டுவிட்டுச் சாதாப் பை மட்டும் தைக்கலாமா? கூடாது. சாதாப் பையை யார் வேண்டுமானாலும் தைக்கலாம். நாளைக்கு 50 ரூபாய்க்கு இன்னொருவர் கொண்டுவந்து வைத்தால் நம் விலையும் இறங்கும். நம் கடைக்கு முன்னால் ஆளை நிறுத்துவது எம்பிராய்டரிதான். அதைக் கூலி கட்டுகிற அளவுக்கு மாற்ற வேண்டும். இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, வேலையைக் குறைப்பது. பை முழுவதும் பூ போடாமல் ஒரு மூலையில் ஒரே ஒரு பூ. நேரம் 4 மணி, செலவு 100, விலை 280 என்று வைத்தால் மீதி 180. மணிக்கு 45 ரூபாய்.

இன்னொன்று, பெரிய பைக்குச் சரியான விலை வைப்பது. மணிக்கு 40 ரூபாய் கூலி, 10 ரூபாய் பொதுச் செலவு, 12 மணி நேரம் என்றால் 600. துணி 110. ஆக 710 ரூபாய். "எழுநூறு ரூபாய்க்கு யாருங்க வாங்குவாங்க?" என்று பயம் வரும். எல்லோரும் வாங்க மாட்டார்கள். கேட்டுப் பார்த்தால் சிலர் வாங்கலாம். அதனால் பத்துப் பை மட்டும் தைத்து, முன்னால் தொங்கவிட்டுப் பாருங்கள். அது விற்காவிட்டாலும், பக்கத்தில் இருக்கிற 280 ரூபாய்ப் பையை விற்றுக் கொடுக்கும்.

மலையின் மாதக் கணக்கு

மும்பைப் பெண்களை நிறுத்தியது மழை. நம்மை நிறுத்துவது எது? மலையில் வருஷம் எப்படிப் போகிறது என்று ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு கட்டம் போட்டு எழுதுங்கள்.

ஜூன் முதல் நவம்பர் வரை: மழையும் பனிமூட்டமும். சுற்றுலா ஆட்கள் குறைவு, பூஜை, தீபாவளி லீவில் மட்டும் கொஞ்சம் கூட்டம். தோட்ட வேலை போக வீட்டில் உட்கார நேரம் கிடைக்கும். ஆனால் ஈரத்தில் துணி நாற்றம் எடுக்கும், பூஞ்சணம் பிடிக்கும். விற்காமல் போன பைகளில் எத்தனை ஈரத்தில் கறை பட்டவை என்று எண்ணிப் பாருங்கள். அதுதான் உங்கள் 'கட்டிலும் அடுப்பும்'. மூடியுள்ள தகரப் பெட்டி, உள்ளே காய்ந்த வேப்பிலை, வெயில் அடிக்கிற நாளில் வெளியே எடுத்து உதறிக் காயவைக்கிற பழக்கம். சில நூறு ரூபாய்ச் செலவில் பல ஆயிரம் ரூபாய்ச் சரக்கு தப்பும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை: காப்பிப் பழம் பறிப்பு, தொடர்ந்து மிளகு. கூலி நிச்சயமாகக் கிடைக்கிற மாதங்கள். அந்த நேரத்தில் தைக்கவில்லை என்று ஒருவரை ஒருவர் குறை சொல்லக் கூடாது. இந்த மூன்று மாதம் தையல் இல்லை என்று முன்கூட்டியே தீர்மான நோட்டில் எழுதிவிடுங்கள். கிறிஸ்துமஸ், பொங்கல் லீவில் விற்க மட்டும் முறை வைத்து ஒருவர் போனால் போதும். தைக்காத மாதத்திலும் கடன் தவணை உண்டு. அதற்கான பணத்தை நவம்பருக்குள் தனியே எடுத்து வைக்க வேண்டும்.

மார்ச், ஏப்ரல்: கோடை விழாவுக்குச் சரக்குச் சேர்க்கிற நேரம். ஈரோட்டுச் சந்தையில் துணி வாங்குவதாக இருந்தால், எல்லோரும் தனித்தனியாகப் போகாமல் ஒரே தடவையில் மொத்தமாக வாங்குங்கள். பஸ், சுமைக்கூலி 6,500 ரூபாயில் கொஞ்சம் அப்படிக் குறையும்.

மே: கோடை விழா, மலர்க் காட்சி. சேர்வராயன் கோயில் திருவிழாவும் மே மாதம்தான். நம் கணக்கில் 96,000ல் 38,000 இந்த ஒரு மாதத்தில் வந்தது. ஒரே மாதத்தை நம்பியிருப்பது நல்லதில்லை. மே மாதம் மழை கெடுத்தால் என்ன செய்வது? அதனால் மாவட்டத் தலைநகரில் இருக்கிற பூமாலை வணிக வளாகம், கல்லூரிச் சந்தை, மகளிர் குழுக் கண்காட்சி இவற்றில் ஒன்றையாவது அடுத்த வருஷத்துக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். விவரத்துக்கு உங்கள் கூட்டமைப்பில் கேளுங்கள்.

கணக்கில் வராத வருமானம்

தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் 1989ல் தர்மபுரி மாவட்டத்தில்தான் முதலில் தொடங்கின. அதே தர்மபுரி மாவட்டத்தில், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் சிட்டிலிங்கி என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே 1993 முதல் மருத்துவ சேவை செய்துவரும் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா ரெஜி தம்பதியைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பகுதியில் லம்பாடி மக்கள் இருக்கிறார்கள். அவர்களின் பழைய உடுப்பில் அருமையான எம்பிராய்டரி இருக்கும். அந்த உடுப்பைப் போடுவது குறைந்ததும் கைவேலையும் மறைய ஆரம்பித்தது. வயதான சில பெண்களுக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

2006ல் டாக்டர் லலிதாவின் முயற்சியில் அந்த மூத்த பெண்களிடமிருந்து இளம்பெண்கள் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார்கள். அந்த அமைப்புக்குப் பெயர் 'பொர்கை'. லம்பாடி மொழியில் பெருமை என்று அர்த்தம். பை, உடுப்பு, வீட்டு உபயோகத் துணி என்று செய்து வெளியூர்களில் விற்கிறார்கள்.

நினைத்துப் பாருங்கள். அப்படிப்பட்ட தொழிலின் முதல் வருஷத்தில் காசை மட்டும் எண்ணினால் என்ன தெரியும்? ஒரு பாட்டியின் விரலில் இருந்த தையல் ஒரு பேத்தியின் விரலுக்கு வந்து சேர்வதை எந்தப் பத்தியில் வரவு வைப்பது? கைவேலைத் தொழிலில் முதல் வருஷத்தின் பெரிய சம்பாத்தியம் கைப்பழக்கம். ஜூனில் ஒரு பர்ஸுக்கு நாலு மணி நேரம் ஆனது, மே மாதம் இரண்டரை மணியில் முடிகிறது என்றால் அது வருமானம். அதை எழுதி வையுங்கள். நீங்கள் போடுகிற ஒவ்வொரு தையலையும் ஒரு சின்னத் துணியில் மாதிரி போட்டு, நோட்டில் ஒட்டி, ஆன நேரத்தைப் பக்கத்தில் குறித்து வையுங்கள். புதிதாக ஒருவர் சேர்ந்தால் அதுவே பாடப்புத்தகம்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். நமக்கு இல்லாத பாரம்பரியத்தை இருக்கிறதாகச் சொல்லி விற்க வேண்டாம். லம்பாடி எம்பிராய்டரி அவர்களுடையது. தோடர் எம்பிராய்டரி நீலகிரித் தோடர்களுடையது. அதற்கு 2013ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நாம் போன வருஷம் கற்றுக்கொண்டது என்றால் அப்படியே சொல்லலாம். நம் கண் முன்னால் இருப்பது நமக்குப் போதும். கோடை மழை பெய்ததும் தோட்டம் பூரா பூக்கிற வெள்ளைக் காப்பிப் பூ, மரத்தில் ஏறுகிற மிளகுக் கொடி, காட்டெருமை. பச்சைத் துணியில் ஒரு காப்பிப் பூ போட்டால், "இது என்ன பூ?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நம்மைவிட நன்றாக யார் பதில் சொல்ல முடியும்?

ஐந்து பேருக்குள்ளே

பணத்தால் உடைகிற குழுவைவிட மனத்தாங்கலால் உடைகிற குழு அதிகம். "நான் அறுநூறு மணி நேரம் உழைச்சேன். அவங்க நானூறுதான். பங்கு மட்டும் சமமா?" இந்தப் பேச்சு வாசலுக்கு வெளியே பேசப்படுவதற்குள் பாயில் உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.

லிஜ்ஜத்தில் ஒரு முறை உண்டு. அப்பளம் உருட்டுகிற கூலி, அவரவர் உருட்டிய அளவுக்கு. லாபம், உறுப்பினர்களுக்குப் பங்கு. நாமும் அப்படிச் செய்யலாம். ஒரு பர்ஸுக்கு இவ்வளவு, ஒரு பைக்கு இவ்வளவு என்று கூலியைத் தீர்மானம் போட்டு எழுதுங்கள். விற்கப் போகிறவருக்கும், கணக்கு எழுதுகிறவருக்கும் அந்த நேரத்துக்குக் கூலி உண்டு. அதெல்லாம் போக நிற்பதுதான் லாபம். அதைச் சமமாகப் பிரிக்கலாம். முதல் வருஷத்தில் அதைப் பிரிக்காமல் அடுத்த கோடைக்குத் துணி வாங்க வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

கண் மங்கல், முதுகுவலி பற்றியும் கேளுங்கள். வருஷம் முடிந்த கூட்டத்தில் ஒவ்வொருவரும் தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இரவு விளக்கில் எம்பிராய்டரி போடுவதில்லை என்று ஒரு விதி வைத்தால்கூட, அது நல்ல தொழில் முடிவுதான்.

மூன்று முடிவில் ஒன்று

இவ்வளவும் பார்த்த பிறகு மூன்று வழி இருக்கிறது.

அப்படியே தொடர்வது. கூலியும் கட்டுகிறது, எல்லோருக்கும் விருப்பமும் இருக்கிறது என்றால்.

மாற்றித் தொடர்வது. நம் செம்மநத்தம் கணக்கில் இதுதான் சரியான முடிவு. பெரிய பையைக் குறைத்து, ஒற்றைப் பூ பையையும் பர்ஸையும் கூட்டி, கடனுக்கு விற்பதை நிறுத்தி, ஈரத்திலிருந்து சரக்கைக் காப்பாற்றினால் மணிக்கு 14 ரூபாய் என்பது 30 ரூபாய்க்கு மேல் வர வழி இருக்கிறது. அடுத்த வருஷமும் வராவிட்டால் மறுபடி யோசிக்கலாம்.

நிறுத்துவது. மாற்றிப் பார்த்தும் கூலி கட்டவில்லை, கடன் ஏறுகிறது, மனசும் ஒட்டவில்லை என்றால் நிறுத்துவதில் வெட்கம் இல்லை. மிஷினை நல்ல விலைக்கு விற்று, கடனை அடைத்து, தீர்மானம் எழுதி முடிக்கலாம். தெரிந்து நிறுத்துவது தோல்வி ஆகாது. தெரியாமல் நிறுத்துவதும், தெரியாமல் தொடர்வதும்தான் நம்மைக் கெடுக்கும்.

நினைவில் வைக்க

* கையிருப்பு மட்டும் கணக்கு ஆகாது. சரக்கு, பாக்கி, மிஷின், கடன் எல்லாம் சேர்ந்ததுதான் கணக்கு.
* நம் நேரத்துக்கு விலை உண்டு. மணிக் கணக்கை எழுத ஒரு தனி நோட்டு வையுங்கள்.
* அதிகம் பாராட்டப்படும் பொருள், கூலி கட்டுகிற பொருளா என்று பாருங்கள்.
* எது நம்மை நிறுத்தியது என்று கேளுங்கள். அதற்கு மட்டும் மருந்து தேடுங்கள்.

குழுவில் கலந்து பேச

1. நம் தொழிலில் ஒரு மணி நேரத்துக்கு என்ன கூலி நிற்கிறது? இன்றே கணக்குப் போட முடியுமா? முடியாவிட்டால் எந்த விவரம் எழுதாமல் விட்டோம்?
2. எந்தெந்த மாதம் வேலை நின்றது? காரணம் மழையா, பணமா, ஆளா?
3. நமக்கு வர வேண்டிய பாக்கி எவ்வளவு? யார் போய்க் கேட்பது?
4. போன வருஷம் தெரியாத எந்த வேலை இன்று நம் கைக்குத் தெரியும்?

அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அக்காமார்களையும் கூட வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். எந்தப் பைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று நோட்டைவிடச் சரியாகச் சொல்வது அவர்கள்தான்.